தொகுதி மடல்: அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் பருவச் செய்திமடல்

தொகுதி மடல் என்பது அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தம் தொகுதி மக்களுக்கு ஆண்டுக்குச் சில முறை, பெரும்பாலும் பருவத்தையொட்டி, அரசுச் செலவில் அனுப்பும் செய்திமடல். எந்த உதவித்திட்டத்துக்கு யார் தகுதி பெறுவர், விண்ணப்பம் எங்கே கிடைக்கும், கடைசி நாள் எது, தொகுதி அலுவலகத்துக்கு வந்தால் என்ன செய்து தருவார்கள் என்பனவே அதன் சாரம். நிறைவேறிய சட்டங்கள், மாநில வரவுசெலவுத் திட்டம், முதியோர் நல முகாம் போன்ற உள்ளூர் நிகழ்ச்சிகள் ஆகியனவும் இடம்பெறும்.

மக்கள் பிரதிநிதிகளுக்குக் கிடைத்த இலவச அஞ்சல் உரிமையும், 20ஆம் நூற்றாண்டில் பெருகிய நலத்திட்டங்களும் சேர்ந்தே இம்மடலை உருவாக்கின. சட்டத்தை இயற்றியதோடு பிரதிநிதியின் கடமை முடிந்துவிடுவதில்லை, அது தரும் உரிமையை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதும் அவர் கடமையே என்ற எண்ணம் இந்த வரலாற்றினூடே மெல்ல வேரூன்றியது. பொதுப்பணம் சுயவிளம்பரத்துக்குப் போகிறதே என்ற கண்டனமும் தொடக்கம் முதல் உடன் வந்திருக்கிறது.

இலவச அஞ்சல் உரிமை

இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தம் கையொப்பத்தைக் கட்டணமாகக் கொண்டு கடிதம் அனுப்பி வந்தனர். அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் போரில் இறங்கிய 1775ஆம் ஆண்டிலேயே கண்டப் பேரவை தன் உறுப்பினர்களுக்கு அதே உரிமையை வழங்கியது. புதிய அரசியலமைப்பின்கீழ் 1789இல் கூடிய முதல் காங்கிரசும் அதைத் தொடர்ந்தது. தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களோடு பேசப் பிரதிநிதிக்குப் பணம் தடையாகக் கூடாது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பிரிட்டன் 1840இல் ஒரு பென்னி அஞ்சலைக் கொண்டுவந்தபோது இவ்வுரிமையை நீக்கியது. அமெரிக்காவிலும் முறைகேடு பற்றிய புகார்கள் குவிந்தன. தேர்தல் காலங்களில் உரைகளும் பிரசுரங்களும் மூட்டை மூட்டையாக இலவச அஞ்சலில் போயின. இதனால் 1873இல் காங்கிரஸ் தன் உரிமையைத் தானே ரத்து செய்தது. இரண்டே ஆண்டுகளில் அவை நடவடிக்கைக் குறிப்புகளுக்கும் விதைப் பொட்டலங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 1890களில் உரிமை முழுமையாகத் திரும்பி வந்தது.

விதைப் பொட்டலங்கள்

அந்த விலக்கில் விதைகள் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. 1839இல் காப்புரிமை அலுவலகத்தின் ஆணையர் ஹென்றி எல்ஸ்வொர்த் முயற்சியால், விதை சேகரிப்புக்கும் வேளாண் புள்ளிவிவரத்துக்குமாகக் காங்கிரஸ் 1,000 டாலர் ஒதுக்கியது. 1862இல் வேளாண் துறை தொடங்கப்பட்டபோது விதை விநியோகம் அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படும்; விதைப்புக் காலத்துக்கு முன் அவர் பெயரில் பொட்டலங்கள் தொகுதிக்குச் செல்லும். கொடுப்பது அரசு, பெறுபவர் மனத்தில் பதிந்ததோ உறுப்பினரின் பெயர்.

புதிய பயிர் வகைகளைப் பரப்பத் தொடங்கிய திட்டம், நாளடைவில் கடையில் எளிதாகக் கிடைக்கும் காய்கறி, பூச்செடி விதைகளை வழங்கும் சலுகையாக மாறியது. 1890களில் வேளாண் துறைச் செயலராக இருந்த ஸ்டெர்லிங் மார்ட்டன் இது வீண் செலவு என்று எதிர்த்தார். 1883இல் உருவான விதை வணிகர் சங்கமும் எதிர்த்தது. உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1920களில்தான் திட்டம் முடிவுக்கு வந்தது. பருவம் பார்த்துத் தொகுதி மக்களுக்கு அரசின் பயனை அனுப்பும் வழக்கத்தின் முன்னோடி இதுவே. அரசு தரும் உதவிக்குப் பிரதிநிதி தம் பெயரைச் சூட்டிக்கொள்வதன் ஆபத்தையும் முதலில் காட்டியது இதுதான்.

1896இல் கிராமப்புற வீடுகளுக்கே கடிதம் கொண்டு கொடுக்கும் சேவை தொடங்கியது. அதுவரை பெரும்பாலான உழவர்கள் அஞ்சலகம் சென்றே கடிதம் பெற்றுவந்தனர். வீட்டு வாசல்வரை அஞ்சல் வந்தபின் பிரதிநிதியின் மடலும் வீடு தேடி வர வழி பிறந்தது.

மாநில அவைகளின் மாற்றம்

மேற்கண்ட அஞ்சல் உரிமை கூட்டாட்சிக் காங்கிரசுக்கு மட்டுமே உரியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் மடலுக்கு மாநில அரசே செலவு செய்ய வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல மாநில அவைகளுக்கு அதற்கான வசதி இருக்கவில்லை. பல அவைகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை சில மாதங்களே கூடின. உறுப்பினர்களுக்குத் தனி அறையோ உதவியாளரோ இல்லாத நிலை பரவலாக இருந்தது.

1962இல் பேக்கர் எதிர் கார் வழக்கிலும் 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் நிலைமையை மாற்றின. தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்றாயிற்று. நகரங்களுக்கும் புறநகர்களுக்கும் உரிய இடங்கள் கிடைத்தன. கலிஃபோர்னியாவில் அவைத்தலைவர் ஜெஸ்ஸி அன்ரூ முன்னின்ற சீர்திருத்தம் 1966இல் வாக்காளர் ஒப்புதல் பெற்று, அங்கு முழுநேரச் சட்டமன்றம் உருவானது. நியூயார்க், பென்சில்வேனியா போன்ற பெரிய மாநிலங்களும் ஊதியம், ஊழியர், தொகுதி அலுவலகம் என்று விரிவடைந்தன. தொகுதி மடல் ஒழுங்கான வழக்கமானது இந்த மாற்றத்துக்குப் பின்னரே.

இன்றும் மாநிலங்களிடையே வேறுபாடு மிகப் பெரிது. நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஒருவர் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பிரதிநிதி. ஊதியம் ஆண்டுக்கு 100 டாலர். கலிஃபோர்னியா மேலவையில் 40 பேர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்குப் பிரதிநிதி. முன்னவர் ஊர்க்கூட்டத்தில் நேரில் சொல்லக்கூடியதைப் பின்னவர் மடலின்றிச் சொல்ல முடியாது.

நலத்திட்டங்களின் பெருக்கம்

மடலில் எழுத வேண்டியவையும் இதே காலத்தில் பெருகின. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1964இல் உணவு முத்திரைச் சட்டம், 1965இல் முதியோருக்கான மெடிகேர், எளியோருக்கான மெடிகெய்ட் என்ற மருத்துவக் காப்பீடுகள் ஆகியவை வந்தன. 1970களின் எண்ணெய் நெருக்கடிகளில் எரிபொருள் விலை ஏறியதன் விளைவாக, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க உதவும் திட்டம் 1981இல் நிலைபெற்றது. 1997இல் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீடு சேர்ந்தது.

இவற்றுள் பலவற்றுக்குக் கூட்டாட்சி அரசு பணம் தர, மாநில அரசுகள் நடத்துகின்றன. வருமான வரம்பு, படிவம், பெயர் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த உதவி எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று ஒரு குடும்பம் தானாகக் கண்டுபிடிப்பது கடினம். அரசு நடைமுறைகள் மக்கள்மேல் ஏற்றும் சுமையைப் பற்றி 2018இல் நூல் எழுதிய பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் இருவரும் அச்சுமையை மூன்றாகப் பிரித்தனர்: திட்டத்தைப் பற்றி அறிந்துகொள்ளும் பாடு, படிவமும் சான்றும் திரட்டும் பாடு, கைநீட்ட நேர்கிறதே என்ற மனவேதனை. தொகுதி மடல் முதலாவதைக் குறைக்கிறது. தொகுதி அலுவலகம் இரண்டாவதைக் குறைக்கிறது. தனக்கு உரியதைப் பெறுமாறு தன் பிரதிநிதியே எழுதும்போது மூன்றாவதும் ஓரளவு தணிகிறது.

பருவங்களும் உள்ளடக்கமும்

பல மாநில அவைகள் ஜனவரியில் கூடி, வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ கலைகின்றன. எனவே ஆண்டுத் தொடக்கத்து மடல் வரப்போகும் மசோதாக்களைப் பேசும்; கோடை மடல் முடிந்த கூட்டத்தொடரின் கணக்கைச் சொல்லும். இந்த அவைக் காலண்டரோடு நலத்திட்டங்களின் காலண்டரும் பின்னிக் கிடக்கிறது.

குளிர்கால மடலில் வருமானவரிப் படிவத்தை இலவசமாக நிரப்பித் தரும் தன்னார்வ மையங்கள் பற்றிய தகவல் வரும். வீட்டில் மீந்த மருந்துகளைத் திருப்பி ஒப்படைக்க 2010 முதல் நடக்கும் நாள் ஏப்ரலில் அறிவிக்கப்படும். பள்ளி மதிய உணவு நின்றுபோகும் கோடையில், குழந்தைகளுக்கு உணவு வழங்கும் இடங்களின் பட்டியலே மடலின் மிகப் பயனுள்ள பகுதி. தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கோடை முழுமைக்கும் 120 டாலர் உணவுத்தொகை தரும் திட்டம் 2024இல் பல மாநிலங்களில் தொடங்கியது. இலையுதிர்கால மடலில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலமும், குளிர்கால எரிபொருள் உதவிக்கான விண்ணப்பமும் முதலிடம் பெறும். பல மடல்களில் உதவி எண்களையும் காணலாம். உள்ளூர் உதவிகளுக்கு வழிகாட்டும் 211 என்ற எண் 1997இல் அட்லாண்டாவில் தொடங்கி, 2000இல் நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது. மனநல நெருக்கடிக்கான 988 என்ற எண் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

பென்சில்வேனியா

தொகுதி மடலின் பயனைத் தெளிவாகக் காட்டும் மாநிலம் பென்சில்வேனியா. அதன் கீழவையில் 203 உறுப்பினர்கள், மேலவையில் 50 பேர். கீழவைத் தொகுதி ஒன்றில் சுமார் 64,000 பேர் வாழ்கின்றனர். 1971இல் உருவாக்கப்பட்ட மாநில லாட்டரியின் வருவாய் முதியோர் நலத்திட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டது. சொத்து வரியிலோ வாடகையிலோ ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டமும், 1980களில் வந்த மருந்துச் செலவு உதவியும் அதனால் நடப்பவை. 65 வயதானோர், கணவனையோ மனைவியையோ இழந்த 50 வயது நிரம்பியோர், உடற்குறையுள்ள 18 வயது நிரம்பியோர் ஆகியோர் வருமான வரம்புக்கு உட்பட்டு வரித் திருப்பத்தைப் பெறலாம்.

இதற்கு ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் ஜூன் 30. பல ஆண்டுகளில் அது டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. ஆகவே வசந்த மடலில் இத்திட்டம் தவறாமல் இடம்பெறும். கட்டணமின்றிப் படிவம் நிரப்பித் தர அலுவலகத்துக்கு வருமாறு உறுப்பினர் அழைப்பார். அந்த வாரங்களில் தொகுதி அலுவலகங்களில் முதியோர் கூட்டம் நிறையும்.

2006க்குப் பின் மாறாதிருந்த வரம்புகளை 2023இல் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ கையெழுத்திட்ட சட்டம் உயர்த்தியது. அதிகபட்ச அடிப்படைத் தொகை 650 டாலரிலிருந்து 1,000 ஆனது. வீட்டு உரிமையாளருக்கு 35,000, வாடகைக்கு இருப்போருக்கு 15,000 என்றிருந்த வருமான வரம்பு இருவருக்கும் 45,000 ஆயிற்று. சுமார் 1,75,000 பேர் புதிதாகத் தகுதி பெறுவர் என்று மாநில அரசு மதிப்பிட்டது. முன்பு வரம்பைத் தாண்டியதால் விண்ணப்பிக்காமல் விட்டவர், இப்போது தமக்குத் தகுதி வந்திருப்பதைத் தாமே ஊகிக்க வழியில்லை. அந்தச் செய்தியை வீடுதோறும் சொல்லும் பணி மடல்களுக்கு வந்தது.

கட்டுப்பாடுகள்

அரசியல் அறிவியலாளர் டேவிட் மேஹ்யூ 1974இல் வெளியிட்ட நூலில், மறுதேர்தலை நாடும் பிரதிநிதி விளம்பரம், பெருமை கோரல், நிலைப்பாடு அறிவித்தல் என்ற மூன்று செயல்களில் ஈடுபடுவதாக விளக்கினார். மடலில் இம்மூன்றுக்கும் இடமுண்டு. போட்டியிடும் புதியவர் சொந்தப் பணத்தில் அச்சிடும்போது, பதவியில் இருப்பவர் அரசுப் பணத்தில் அச்சிடுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. காங்கிரஸ் 1973இல் இயற்றிய சட்டம் எது அலுவல் மடல், எது பிரசாரம் என்று வரையறுத்துக் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது.

மாநிலங்கள் தத்தம் வழியில் சென்றன. 1988இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற 73ஆம் முன்மொழிவு, அரசுச் செலவில் மொத்தமாக மடல் அனுப்புவதைத் தடை செய்தது. அம்முன்மொழிவின் நன்கொடை வரம்புகள் நீதிமன்றத்தில் வீழ்ந்தாலும், மடல் தடை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 1990களில் வந்த விதிகள், தேர்தல் ஆண்டில் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என மடல்களைக் கட்டுப்படுத்தின. தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் மடல் அனுப்பக் கூடாது என்ற விதி வேறு பல அவைகளிலும் உண்டு.

மின்மடல்

மின்னஞ்சல் பரவியபின் அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் பெரிய தடைகளாக இல்லை. கலிஃபோர்னியத் தடை கையில் பிடிக்கக்கூடிய அச்சுப் பொருளுக்கே பொருந்தியதால் அங்கு மின்மடல் வளர்ந்தது. 2020இல் கொரோனா பரவியபோது வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துப் பதிலின்றித் தவித்தனர். அவர்களின் அழைப்புகள் தொகுதி அலுவலகங்களில் குவிந்தன. பருவத்துக்கு ஒருமுறை வந்த மடல் பல தொகுதிகளில் வாரம் ஒருமுறை வரலாயிற்று.

மின்மடலுக்கும் குறை உண்டு. அது முகவரி தந்தவருக்கு மட்டுமே போகும். உதவி அதிகம் தேவைப்படும் முதியோரும், இணைய வசதியற்ற குடும்பங்களும் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அச்சு மடலோ தொகுதியின் எல்லா முகவரிகளுக்கும் செல்லக்கூடியது. அதனால் பல உறுப்பினர்கள் இரண்டையும் கைவிடாமல் தொடர்கின்றனர்.

மதிப்பீடு

2005க்குப் பின் அமெரிக்க நாளிதழ், வார இதழ்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நின்றுபோயின. மாநிலத் தலைநகரில் நடப்பதை ஊருக்குச் சொல்லும் செய்தியாளர் குறைந்தபோது, அந்த இடத்தின் ஒரு பகுதியைத் தொகுதி மடல் நிரப்புகிறது. ஆனால் அது பத்திரிகைக்கு ஈடாகாது: எழுதுபவரே அதிகாரத்தில் இருப்பவர், தம் தவறுகளை அவர் எழுதமாட்டார். கூட்டத்தொடரின் சாதனைப் பட்டியலை வாசகர் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

உதவித்திட்டப் பகுதியின் மதிப்பு வேறு. அங்கு சொல்லப்படும் வயது வரம்பும் வருமான வரம்பும் கடைசி நாளும் யாராலும் சரிபார்க்கத்தக்கவை. எக்கட்சிக்கு வாக்களித்தவருக்கும் ஒன்றுபோல் உதவுபவை. ஒரு மடலின் தரத்தை அளக்க நம்பகமான அளவுகோல் இதுவே: உறுப்பினரின் பெயரும் படமும் எத்தனை முறை வருகின்றன என்பதைவிட, அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் தமக்கு உரியதைக் கேட்டுப் பெற முடிகிறது என்பதே முக்கியம். விதைப் பொட்டலம் அனுப்பியவர்கள் கடையில் கிடைத்ததையே தம் பெயரில் கொடுத்தார்கள். நல்ல தொகுதி மடல், சட்டம் ஏற்கெனவே மக்களுக்கு உரிமையாக்கியதை அவர்களே எடுத்துக்கொள்ள வழி சொல்கிறது.