சித்தராமையா: மைசூரு எம்எல்ஏ முதல்வர் ஆனது எப்படி? 257 ஓட்டின் கதை

ப்ரமோஷன் ரெண்டு முறை கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டலைன்னா நீங்க என்ன செய்வீங்க? கம்பெனி மாறுவீங்க, இல்லையா? மைசூருவின் சித்தராமையா செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

தொடக்கம் எங்கே?

மைசூரு மாவட்டம் சித்தராமனஹுண்டி கிராமத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர். 1983இல் சாமுண்டீஸ்வரி தொகுதியில் லோக் தளம் சார்பில் வென்று முதன்முறையாக எம்எல்ஏ ஆனார். 1989இல் தோல்வி. 1991இல் கொப்பள் மக்களவைத் தொகுதியில் நின்றார், அங்கேயும் தோல்வி. 1994இல் மீண்டும் வென்று, தேவகவுடா அமைச்சரவையில் நிதியமைச்சர் ஆனார்.

நாற்காலி நழுவியது எப்படி?

1996இல் தேவகவுடா பிரதமராகப் போனதும் முதல்வரானவர் ஜே.எச். படேல். சித்தராமையாவுக்குத் துணை முதல்வர் பதவி. 2004இல் காங்கிரஸ் - மதச்சார்பற்ற ஜனதா தளம் கூட்டணி ஆட்சி. காங்கிரஸின் தரம் சிங் முதல்வர், இவர் மறுபடியும் துணை முதல்வர்.

இதற்கிடையே சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகளை ஒன்றுசேர்க்கும் 'அஹிந்தா' மாநாடுகளில் முன்னால் நின்றார். கட்சித் தலைமையோடு மோதல். 2005இல் பதவி பறிபோனது. 2006இல் காங்கிரஸில் சேர்ந்தார்.

257 ஓட்டு ஏன் முக்கியம்?

ஒரு கட்சியில் ஜெயிச்ச எம்எல்ஏ அதைவிட்டு விலகினால், கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போய்விடும். அதனால் ராஜினாமா செய்துவிட்டு, 2006 டிசம்பரில் அதே சாமுண்டீஸ்வரியில் இடைத்தேர்தலைச் சந்தித்தார். பழைய கட்சி முழு பலத்தோடு எதிர்த்தது. வித்தியாசம் வெறும் 257 ஓட்டு!

அப்புறம்?

2008இல் பக்கத்துத் தொகுதியான வருணாவுக்கு மாறினார். 2013இல் காங்கிரஸ் 224இல் 122 இடங்களைப் பிடிக்க, முதல்வர் ஆனார். ஐந்து ஆண்டுகளை முழுதாக முடித்தார். ஆனால் 2018இல், முதல்வராக இருக்கும்போதே, சாமுண்டீஸ்வரியில் 36,000க்கும் அதிகமான ஓட்டில் தோற்றார். இன்னொரு தொகுதியான பாதாமிதான் கைகொடுத்தது. அங்கேயும் வித்தியாசம் 1,696தான். 2023இல் வருணாவில் வென்று, மே 20 அன்று இரண்டாம் முறையாக முதல்வராகப் பதவியேற்றார்.

இதில் உங்களுக்கு என்ன?

முதல்வரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தொகுதி எம்எல்ஏவைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பெரும்பான்மை எம்எல்ஏக்களின் ஆதரவு யாருக்கோ அவரே முதல்வர். அதனால், எவ்வளவு பெரிய தலைவரின் கனவும் கடைசியில் ஏதோ சில வாக்குச்சாவடிகளில் வந்து நிற்கும்.

'என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது'ன்னு அடுத்த தேர்தல் நாளில் தோணுச்சுன்னா, உங்க அபார்ட்மென்ட்டில் எத்தனை ஓட்டு இருக்குன்னு எண்ணிப் பாருங்க. 257ஐத் தாண்டலாம்.