சஷ்டியின் வாகனமும் பூனையின் சிறுநீரகமும்

தமிழர்க்குச் சஷ்டி என்றால் முருகனுக்குரிய நோன்பு நாள். வங்காளிகளுக்கோ சஷ்டி குழந்தைகளைக் காக்கும் தாய்த்தெய்வம். அவளது வாகனம் பூனை. ஒரு மருமகள் உணவைத் திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனைமேல் சுமத்தியதையும், அதனால் தான் பெற்ற பிள்ளைகளை இழந்து, தெய்வத்தை வணங்கி மீட்டதையும் கொல்கத்தாப் பெண்கள் இன்றும் விரதக் கதையாகச் சொல்கின்றனர்.

கதையில் நீதி பெற்ற பூனைக்காக அந்நகரில் விலங்கு மருத்துவம் தோன்றவில்லை. ஆங்கிலேய ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்ட் 1861-இல் கல்கத்தாவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியபோது, கண்முன் நின்றவை பாரம் இழுத்த மாடுகளும் குதிரைகளும். 1873-இல் அந்நகரில் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகளையும் குதிரைகளே இழுத்தன. 1893-இல் பெல்காச்சியாவில் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய காலம், மாட்டுக் கொள்ளைநோய் நாடெங்கும் உழவரை நலிவித்த காலம்.

இந்த வரலாறு சொற்களிலும் படிந்துள்ளது. தமிழில் ‘கால்நடை’ என்பது ஆடுமாடுகளைக் குறிக்கும். ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. வங்காளியர் விலங்கு மருத்துவமனையைக் குறிக்க வழங்கும் ‘பசு’ என்ற வடசொல், மந்தையைக் குறித்த இலத்தீன் ‘பெக்கு’வோடு ஓரினமானது. ஆங்கிலத்தின் ‘வெட்டரினரி’யும் பாரம் சுமக்கும் விலங்குகளைக் குறித்த இலத்தீன் சொல்வழி வந்ததே. மூன்று மொழிச் சொற்களிலும் பூனை இல்லை. விலையுள்ள விலங்கின் நோய் கணக்கில் ஏறியது. விலையற்றதன் நோய் வீட்டோடு மறைந்தது.

இந்நிலையில், பூனைப் புற்றுநோய் குறித்த பெருந்திருப்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நிகழ்ந்தது. பூனைகள் பல வளர்ந்த ஒரே வீட்டில், நிணநீர்ப் புற்று அடுத்தடுத்துத் தோன்றுவதை உள்ளூர் விலங்கு மருத்துவர் ஒருவர் கவனித்தார். அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்த பல்கலைக்கழக நோயியலாளர் வில்லியம் ஜாரெட், 1964-இல் தம் குழுவினருடன் அதற்குப் பின்னிருந்த வைரஸைக் கண்டறிந்தார். பூனை லுகேமியா வைரஸ் எனப் பெயர் பெற்ற அதற்கு, 1985-இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது.

பூனையின் சிறுநீரகத்தில் மிகுதியாகக் காணப்படும் புற்று இந்த நிணநீர்ப் புற்றே. சிறுநீரகத்தின் சொந்தத் திசுவில் எழும் கார்சினோமா அரிது. நிணநீர்ப் புற்று பெரும்பாலும் இரு சிறுநீரகங்களையும் ஒருங்கே பற்றும். அவை வீங்கி, மேடுபள்ளமாகி, வயிற்றைத் தடவினாலே கைக்குத் தட்டுப்படும். பூனை மெலியும், உணவை மறுக்கும், நீரை மிகுதியாகக் குடிக்கும். வேறு நோய்களாலும் சிறுநீரகம் வீங்குமாதலால், ஊசிவழி எடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு சொல்ல இயலும்.

‘பரவல்’ என்ற சொல்லுக்கு இங்கே இரு பொருள். உடலுக்குள் இப்புற்று மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செல்ல வல்லது. கார்சினோமா நுரையீரலை நாடும். பூனைக்குப் பூனை பரவுவது புற்று அன்று, வைரஸ். ஒன்றையொன்று நக்குவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், தாயிடமிருந்து குட்டிக்குமாக அது செல்கிறது, மனிதரைத் தொற்றுவதில்லை. எல்லாச் சிறுநீரகப் புற்றுக்கும் அந்த வைரஸே காரணமும் அன்று. ஆயினும் பரிசோதனையும் தடுப்பூசியும் பரவிய நாடுகளில், வைரஸ் சார்ந்த நிணநீர்ப் புற்று வெகுவாகக் குறைந்தது. இந்த இரு பொருள்களையும் பிரித்தறியாத இடத்தில், நோயுற்ற பூனை அச்சத்தால் தெருவில் விடப்படுகிறது. அல்லது மற்றப் பூனைகள் சோதிக்கப்படாமலே விடப்படுகின்றன.

பெல்காச்சியாவின் அப்பழைய கல்லூரி, 1995-இல் தோன்றிய மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்துள் இன்று அடங்கியுள்ளது. மாடும் குதிரையும் வந்த அவ்வளாகத்துக்குப் பூனைகளும் சிகிச்சைக்கு வருகின்றன. கிளாஸ்கோவில் வைரஸைக் காட்டிக்கொடுத்தது முதலில் ஒரு கருவி அன்று; ஒரே வீட்டின் பூனைகளை எண்ணிக் குறித்துவைத்த ஒருவரின் பழக்கம். பெயரும் வயதும் உடன்வாழும் பூனைகளின் எண்ணிக்கையும் நோயேட்டில் ஏறும்போதுதான், சஷ்டியின் வாகனத்துக்குக் கதைக்கு வெளியேயும் நீதி கிடைக்கும்.