மும்பை ஆய்வைக் கம்பைநல்லூரிலிருந்து வாசித்தல்: நுரையீரல் புற்றுநோயில் கூட்டுமருந்தின் இடம்

2016 முதல் 2018 வரை மும்பை டாடா நினைவு மருத்துவமனை, ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பிறழ்வுள்ள நுரையீரல் புற்றுநோயாளிகள் 350 பேரை இரு பிரிவாக்கி ஆய்ந்தது. ஒரு பிரிவுக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை மட்டும். மற்றதற்கு அதனுடன் பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற வேதிமருந்துகள். நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் முறையே 8, 16 மாதங்கள். மாத்திரைப் பிரிவின் இடைநிலை வாழ்நாள் 17 மாதம். கூட்டுமருந்துப் பிரிவில் அறிக்கை வெளியானபோதும் பாதிப்பேருக்கு மேல் உயிருடன் இருந்தனர். எண்களில் எனக்குப் பிணக்கில்லை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட பொருளில்தான் பிணக்கு.

அந்தப் பொருள் இது: ஜெஃபிட்டினிப்புக்கு எதிர்ப்பு தோன்றியபின் அடுத்தகட்ட மருந்தான ஒசிமெர்டினிப் பெற்றவர்கள் வெகு சிலரே, ஆகவே 17 மாதம் என்பது அடுத்தகட்டச் சிகிச்சையின் வறுமையே தவிர, கூட்டுமருந்தின் வலிமையன்று. ஜப்பானின் என்இஜே009 ஆய்வு இதற்குத் துணை நிற்பதுபோல் தோன்றும். அங்கும் கூட்டுமருந்து நோயைக் கூடுதல் காலம் அடக்கியது; ஆனால் நீண்டகாலத் தொடர்பதிவில் வாழ்நாள் வேறுபாடு புள்ளியியல் உறுதியை இழந்தது.

இதே சான்று எதிர்த்திசையிலும் பேசுகிறது. அடுத்தகட்ட மருந்து தவறாமல் கிடைக்கும் நாட்டில் வேறுபாடு மங்குகிறது. கிடைக்காத இடத்தில் கூர்மையாகிறது. அப்படியானால் குறையென்று ஒதுக்கப்பட்டதே நமக்குரிய பாடம். தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் மாத்திரை மட்டும் உண்ணும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். எதிர்ப்பு தோன்றியதும் மீண்டும் திசு அல்லது ரத்தப் பரிசோதனை. மாதிரி பெருநகர ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒசிமெர்டினிப்புக்கு இணங்கும் டி790எம் பிறழ்வு ஏறத்தாழப் பாதிப்பேரிடமே தென்படும். தென்பட்டாலும் விலையுயர்ந்த மருந்து வேண்டும். அதுவரை உடல் தாங்கவும் வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாதம், இந்தப் படிகளில் ஒருவரும் இடறமாட்டார் என்று எண்ணிக்கொள்கிறது. மும்பை ஆய்வில் சேர்ந்தோரில் 21 விழுக்காட்டினர் அன்றாட வேலைக்கே இயலாத அளவு தளர்ந்தவர்கள். நம் புறநோயாளிப் பிரிவுகளின் முகம் அதுதான்.

எதிர்ப்பு வளர்ந்தபின் துரத்துவதைவிட, வளருமுன் பல முனைகளில் தாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், கூட்டுமருந்தை வீட்டிலிருந்தே கொடுக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது. புற்றணுவும் காசநோய்க் கிருமியும் ஒன்றல்ல. ஒரு மருந்துக்குத் தப்பும் சிறுபான்மை தொடக்கத்திலேயே இருக்கக்கூடும் என்பது இரண்டுக்கும் பொது.

ஒசிமெர்டினிப் வந்தபின் இது பழங்கதை என்பர். ஃபிளாரா2 ஆய்வில் ஒசிமெர்டினிப்போடும் வேதிமருந்து சேர்ந்தபோது இடைநிலை வாழ்நாள் 37.6 மாதத்திலிருந்து 47.5 மாதமாயிற்று; அவ்வாதத்துக்கு இதுவே மறுமொழி. மும்பை ஆய்வில் கூட்டுமருந்தால் கடும் பக்கவிளைவு 25 விழுக்காட்டிலிருந்து 51 ஆக உயர்ந்தது உண்மை. அது கண்காணிப்பைக் கோருகிறது, கைவிடுதலை அல்ல. ஒரே மருத்துவமனையின் ஆய்வு, 17 மாத இடைநிலைத் தொடர்பதிவு என்ற வரம்புகளை ஏற்கிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெமெட்ரெக்செட் மூன்று வாரத்துக்கொருமுறை சிரைவழி ஏற்ற வேண்டியது; ஃபோலிக் அமிலம், பி12 ஊசி, சிறுநீரகச் சோதனை ஆகியவை உடன் வேண்டும். இவை தருமபுரியிலேயே தடையின்றிக் கிடைத்தால்தான் மும்பையின் 16 மாதம் கம்பைநல்லூருக்கும் உரியதாகும். முதல் நாளிலேயே கூட்டுமருந்து என்பது, என் வாசிப்பில், இரண்டாம் வாய்ப்பு வாராதவருக்கான சிகிச்சை.