ஏவலரிலிருந்து அரசராக: ஆரியச்சக்கரவர்த்திகளின் எழுச்சி

ஏஜியன் கடலின் நக்சோஸ் தீவை 1383இல் அதன் ஆட்சியாளருக்குக் கீழ்ப்பட்ட பிரபுவான பிரான்செஸ்கோ கிறிஸ்போ கைப்பற்றினார். அரியணையில் இருந்தவர் கொல்லப்பட்டபின் அது நடந்தது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே, இலங்கையின் வடபகுதி ஒரு பாண்டியப் பிரதானி குடியின் கையில் நிலைபெற்றுவிட்டது. இவர்கள் தங்கள் தலைவனைக் கொல்லவில்லை; தலைவனின் வீடு தானே இடிந்து விழுந்தது.

மாறவர்மன் குலசேகரன் (1268இல் பட்டமேறியவன்) காலத்துக் கல்வெட்டுகளில், செவ்விருக்கை நாட்டுச் சக்கரவர்த்திநல்லூரைச் சேர்ந்த ஆரியச்சக்கரவர்த்தி என்ற பட்டப்பெயர் தென்படுகிறது. அந்த நாடு இன்றைய இராமநாதபுரக் கரைப்பகுதி. பாண்டிய வரலாறு படிப்பவர்களுக்கு மதுரையும் வைகையும்தான் முன்னால் நிற்கும். ஆனால் முத்துக்குளிப்பும் குதிரை இறக்குமதியும் அந்த அரசின் கருவூலத்தை நிரப்பிய காலம் அது. கரையைக் காத்தவனுக்குக் கடலும் கப்பலும் பழகியிருந்தன.

1284இல் சிங்கள மன்னன் முதலாம் புவனேகபாகு இறந்தபின் இலங்கையில் பஞ்சம். அந்தச் சமயத்தில் பாண்டிய மன்னர்கள் படையோடு அனுப்பிய அமைச்சன் ஆரியச்சக்கரவர்த்தி என்கிறது பாளி வரலாற்று நூலான சூளவம்சம். ஆரியன் அல்லாதபோதும் இப்பெயரால் அறியப்பட்டவன் என்றும் சேர்த்துச் சொல்கிறது. யாபகூவாக் கோட்டை வீழ்ந்தது. புத்தரின் புனிதத் தந்தம் குலசேகரன் கைக்குப் போனது. அடுத்து வந்த சிங்கள மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டிய அவைக்கு நேரில் சென்று பேசி அதை மீட்டுவந்தான். இதுவரை ஆரியச்சக்கரவர்த்தி வெறும் ஏவலரே.

வடக்கு அப்போது ஆளில்லாத நிலமும் அல்ல. மலாய்ப் பகுதியிலிருந்து வந்த சாவகனான சந்திரபானு அங்கே வேரூன்றியிருந்தான். பாண்டியர் அவனை வென்று, அவன் மகனைத் தமக்கு அடங்கியவனாக அமர்த்தினர். அந்த இடத்துக்கு ஆரியச்சக்கரவர்த்தி குடி எந்த ஆண்டு வந்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. 1736 அளவில் எழுந்த யாழ்ப்பாண வைபவமாலையை வைத்து ஆண்டு கணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நானூறு ஆண்டு இடைவெளி கொஞ்சமா? காரணத்தைத் தேட வேண்டிய இடம் மதுரை. குலசேகரனுக்குப்பின் மகன்கள் மோதிக்கொண்டனர். 1311இல் மாலிக் காபூர் வந்தான். பின்னர் சுல்தான்கள் ஆண்டனர். கப்பம் கேட்க ஆளில்லாமல் போனதும் கடலுக்கு அப்பாலிருந்த பிரதிநிதி அரசரானார்.

1344இல் புத்தளத்தில் அந்த அரசரைச் சந்தித்த பயணி இபின் பதூதா தரும் சித்திரம் பொன்னானது. அரசருக்குப் பாரசீக மொழி புரிந்தது. முத்துக்கள் அவர்முன் குவிந்திருந்தன. உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணத்தில் அகில் எண்ணெய் இருந்தது. சோழமண்டலக் கரையில் அவருடைய மரக்கலங்கள் நூறுவரை வந்து நின்றதைத் தாம் பார்த்ததாகவும் எழுதுகிறார். பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாத மலை) போகத் துணையாட்களைக் கொடுத்து அனுப்பியவரும் அவரே.

இக்குடியின் அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்று பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினர். தென்னிலங்கையிலும் வரி தண்டினர். சிங்கள அரசின் அமைச்சர் அழகக்கோனார் கோட்டேயில் அரண் கட்டி அந்த வரி தண்டுபவர்களை விரட்டும்வரை அது நடந்தது. 1450இல் கோட்டே மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய சப்புமல் குமாரன் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். அதன் அரசன் கனகசூரிய சிங்கையாரியன் தப்பியோடினான். பராக்கிரமபாகு இறந்ததும் சப்புமல் தெற்கே சென்று, அங்கு ஆண்டவனை வீழ்த்தி ஆறாம் புவனேகபாகுவானான். கனகசூரியன் திரும்பிவந்து தன் அரியணையை எடுத்துக்கொண்டான்.