எழும்பூர் இல்லத்து வானாய்வுக்கூடம்

வீட்டில் சிறு தொலைநோக்கி நிறுவி வான்காணும் ஆர்வம் பெங்களூர்த் தமிழன்பர் சிலரிடம் இந்நாளில் பெருகி வருகிறது. இவ்வார்வத்திற்குச் சென்னையில் பழைய முன்னோடி ஒன்று உண்டு.

கிழக்கிந்தியக் கும்பினி அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786-ஆம் ஆண்டில் எழும்பூரில் தம் இல்லத்திலேயே வானாய்வுக்கூடம் அமைத்தார். சிறு தொலைநோக்கிகளும், ஷெல்டன் செய்த ஊசற்கடிகாரமுமே அவருடைய கருவிகளுள் முதன்மையானவை. அவற்றை அவர் கும்பினிக்கு வழங்கினார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வுக்கூடம் எழுந்தது.

அங்கே கருவியைத் தாங்க 15 அடி உயரக் கருங்கல் தூண் நாட்டினர். தொலைநோக்கி விண்மீனைப் பெருக்கிக் காட்டுவதுபோலத் தாங்கியின் நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்க, அசையாத் தூணும் பிழையாக் கடிகாரமும் வேண்டும். அத்தூணில் பிறமொழிகளோடு தமிழும் பொறிக்கப்பட்டது.

புகைவண்டித் துறையினராகிய யாமும் அதற்குக் கடன்பட்டுள்ளோம். 1906-இல் இந்தியப் பொதுநேரம் வருமுன், புகைவண்டிகள் பெரும்பாலும் சென்னை நேரப்படியே ஓடின. அது பொதுநேரத்திற்கு ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது.

1899-இல் ஆய்வுப்பணி கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அம்மரபில் வளர்ந்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் இன்று நம் கோரமங்கலத்தில் உள்ளது. ஷெல்டன் கடிகாரமோ கொடைக்கானலில் பேணப்படுகிறது.

ஆதலின் அன்பர்காள்! பெரிய கண்ணாடியை நாடுமுன் உறுதியான தாங்கியை நாடுக. ஆட்கள் நடக்க அதிரும் மாடியினும் நிலத்தில் ஊன்றிய தூண் நன்று. கண்டவற்றை நாளும் நேரமும் இட்டு எழுதிவைக்க. அண்டை வீட்டுச் சிறுவரையும் அழைத்துக் காட்டுக. பெட்ரியின் கருவிகள் ஓர் இல்லத்தோடு நின்றிருந்தால், இவ்வரலாறு இல்லை.