தேரையும் தோள்பட்டையும்

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியவை. ஒரு பிள்ளையாரின் துதிக்கை மடிப்பைச் செதுக்க, கையில் உளியும் கொட்டாப்புளியுமாக சிற்பி மணிக்கணக்கில் குனிந்தபடியே இருக்க வேண்டும். மேற்கே கல்வராயன் மலை அழகாகத்தான் நிற்கிறது. நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

உங்கள் கையில் உளி இல்லை, செல்போன் இருக்கிறது. ஆனால், கழுத்து அதே கோணத்தில்தான் தொங்குகிறது! சாயங்காலம் வந்து சேருவதும் ஒன்றுதான். பின்கழுத்தில் ஆரம்பித்து, இரண்டு பொட்டுக்கும் பரவி, தலையைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி ஒரு வலி. ஒற்றைத் தலைவலி போல 'விண் விண்' என்று தெறிக்காது. சும்மா அழுத்திக்கொண்டே இருக்கும். இதுதான் 'டென்ஷன் தலைவலி'. உலகத்தில் அதிகம் பேருக்கு வருகிற தலைவலி இதுவே.

இதற்கான காரணத்தை மனிதன் முதலில் தேடிய இடம், மண்டைக்குள்!

நம் சித்தர் மரபில் ஒரு கதை உண்டு. ஓர் அரசனுக்குத் தாங்க முடியாத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்த்தால், மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. கையால் பிடுங்கினால் ஆபத்து. குரு யோசித்துக்கொண்டிருக்க, சிஷ்யப் பிள்ளை ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து சலசலக்க வைத்தான். சத்தம் கேட்ட தேரை தானாகத் தண்ணீரில் குதித்துவிட்டது! அன்று முதல் சிஷ்யனின் பெயரே தேரையர் ஆகிவிட்டதாம். கதை எப்படியோ போகட்டும்... மண்டைக்குள் எதுவோ புகுந்துவிட்டது என்று தோன்றவைக்கிற வலிதானே அது!

அதே தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதிப் பாட்டு வேறு ரகம். அதில் தேரையும் இல்லை, கபாலத்தைத் திறப்பதும் இல்லை. பகலில் தூங்காதே, இயற்கை உபாதையை அடக்காதே, எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளி என்று தினசரி ஒழுங்குதான். டாக்டர்கள் இன்று 'லைஃப் ஸ்டைல்' என்கிறார்களே, அந்தச் சமாசாரம்.

ரோமாபுரிக்காரர்கள் இன்னும் தடாலடி. கி.பி. முதல் நூற்றாண்டில், கிளாடியஸ் சக்ரவர்த்தி காலத்தில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தீராத தலைவலிக்கு எழுதிவைத்த சிகிச்சை என்ன தெரியுமா? உடம்பில் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிரோடு வலிக்கிற இடத்தில் வைப்பது! தலை மரத்துப்போகும் வரை!

செய்கிற வேலையை முதலில் உற்றுப் பார்த்தவர்களில் ஒருவர் இத்தாலிய டாக்டர் ராமஸ்ஸினி. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ல் புத்தகமே எழுதியவர். எழுத்தர்களை வாட்டுவது மூன்று விஷயங்கள் என்றார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே மாதிரி கையை ஆட்டுவது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். சென்னை ஐ.டி. கம்பெனி ஒன்றுக்குள் புகுந்து எழுதின மாதிரி இல்லை?

பிறகு வந்தது கடைச் சரக்கின் காலம். 1893-ல் நாகேஸ்வர ராவ் பம்பாயில் ஆரம்பித்த அமிர்தாஞ்சன் சென்னைக்கும் வந்து வீட்டுக்கு வீடு நெற்றியில் ஏறியது (மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க் இவர் பெயரில்தான்). 1899-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆஸ்பிரினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தலைவலியா? ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். முடிந்தது கதை!

முடியவில்லை. அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் வேறு பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார். 1930-களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை சுவாரஸ்யமானது. ஒருவரை அசையாமல் படுக்கவைத்து, 'கையை மடக்குவதாகக் கற்பனை மட்டும் செய்யுங்கள்' என்றார். கை அசையவில்லை. ஆனால், கருவியில் கைத்தசையின் மின்துடிப்பு பதிவாகிவிட்டது! அதாவது, மனசில் ஓடுவது தசையிலும் ஓடுகிறது. மேனேஜரிடம் நாளைக்கு என்ன பேசுவது என்று நீங்கள் யோசிக்கும்போது தாடை இறுகுவதும், தோள் காதை நோக்கி ஏறுவதும் இப்படித்தான்.

தசையைத் தளர்த்துவது ஒரு பயிற்சி, படித்தால்தான் வரும் என்றார் ஜேக்கப்சன். 1929-லேயே அதற்காகப் புத்தகம் போட்டுவிட்டார். இந்தத் தலைவலிக்கு 1962-ல் அமெரிக்க நிபுணர் குழு 'தசைச் சுருக்கத் தலைவலி' என்றே பெயர் வைத்தது. அப்புறம், தசை மட்டுமே குற்றவாளி இல்லை, வலியை உணரும் நரம்பு மண்டலத்துக்கும் பங்கு உண்டு என்று தெரிந்ததால், 1988-ல் 'டென்ஷன் வகைத் தலைவலி' என்று மாற்றினார்கள்.

சரி, இப்போதே ஜேக்கப்சன் முறையைச் செய்து பாருங்களேன். நாற்காலியில் சாய்ந்து, தோள்பட்டை இரண்டையும் காது வரை தூக்குங்கள். ஐந்து விநாடி இறுக்கம். 'தொப்'பென்று விடுங்கள். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பதுதான் இதில் முக்கியம். நெற்றி, தாடை, கை என்று ஒவ்வொன்றாக இப்படியே. பிறகு, முகத்தைக் குனியாமல் மோவாயை மட்டும் பின்னால் இழுத்து ஐந்து விநாடி வைத்திருங்கள். இரட்டைத் தாடை தெரியும், பரவாயில்லை! தலையை மெதுவாக ஒரு தோள் பக்கம் சாய்த்துப் பதினைந்து விநாடி, அடுத்த பக்கமும் அப்படியே. வலித்தால் நிறுத்திவிடுங்கள். பின்கழுத்தில் வெந்நீரில் பிழிந்த துண்டு சுகமாக இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குவதும் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க உதவும்.

இவ்வளவு எதற்கு, மாத்திரை போட்டால் போகாதா? எப்போதாவது என்றால் சரி. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாக விழுங்கினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். அதற்கும் இன்னொரு மாத்திரை... நம் ஊரில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. இந்த நிலையில் இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். முதல் சில நாள் வலி அதிகமாகும், அது எதிர்பார்க்கிறதுதான்.

எல்லாத் தலைவலியும் தோள்பட்டைத் தலைவலி இல்லை. இடி விழுந்த மாதிரி திடீரென்று வருவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் பலமிழந்து பேச்சு குழறுவது, தலையில் அடிபட்ட பின் வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது... இவற்றுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். 2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் விஷமும் ஆரம்பத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று சாதாரண போதை இறக்கம் மாதிரிதான் வேஷம் போடும். கண் மங்கத் தொடங்கும்போது உள்ளே ஃபார்மிக் அமிலம் பார்வை நரம்பைத் தாக்க ஆரம்பித்திருக்கும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.