மீன்பிடிக் கப்பல் பணியாளர்களுக்கான மருத்துவத் தகுதி

ஆழ்கடலில் உடனடி மருத்துவ உதவி கிடைப்பது அரிது. எனவே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2007ஆம் ஆண்டு மீன்பிடிப் பணி உடன்படிக்கை (எண் 188), அதனை ஏற்ற நாடுகளின் கப்பல்களில் பணிபுரிவோருக்கு மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்குகிறது. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கும், வழக்கமாக 3 நாள்களுக்கு மேல் கடலில் தங்கும் கப்பல்களுக்கும் விலக்கு இல்லை.

அத்தகைய கப்பல்களில், உங்கள் பார்வையும் செவித்திறனும் பணிக்குப் போதுமானவை என்பதையும், கடற்பணியால் தீவிரமடையும் அல்லது பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் நோய் இல்லை என்பதையும் சான்றிதழ் உறுதிசெய்ய வேண்டும். அது அதிகபட்சம் 2 ஆண்டுகள் செல்லும். 18 வயதுக்குட்பட்டோருக்கு 1 ஆண்டு. பயணத்தின் நடுவில் காலாவதியானால், பயணம் முடியும்வரை செல்லும்.

வலிப்பு, நீரிழிவு, இதய நோய் இருப்பின் மறைக்காதீர்கள். உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சான்றிதழ் மறுக்கப்பட்டால், சார்பற்ற வேறொரு மருத்துவரிடம் மறுபரிசோதனை கோர உங்களுக்கு உரிமை உண்டு.